எழுநூறு அடி வசனம்

கொடைக்கானலில் நான் ஆபரேட்டராக வேலை பார்த்த தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம் உண்டு. படம் எவ்வளவு நீளமானாலும் நாலரை மணிக்கு முடிந்தாக வேண்டும். சந்தைக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும் கொண்டுவரும் மேல்மலைக்காரர்கள்தான் அன்றைய கூட்டம். அவர்களைத் திரும்ப ஏற்றிப்போகும் லாரி நாலரைக்கு வாசலில் ஹாரன் அடிக்கும். பனி மூடிவிட்டால் மேல்மலைப் பாதையில் வண்டி போகாது.

ஆட்டம் தொடங்குவது இரண்டு மணிக்கு. மூன்று மணி நேரப் படத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்குவது என் பொறுப்பு. பாட்டுக் காட்சியில் கைவைத்தால் பெஞ்சு உடையும், சண்டையில் கைவைத்தால் திரை கிழியும். ஆகவே இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்து வெட்டுவேன். வெட்டிய துண்டைத் தகர டப்பாவில் சுருட்டி வைத்து, சாயங்கால ஆட்டத்துக்கு முன்னால் பிலிம் சிமெண்ட் என்கிற பசையைப் போட்டு ஒட்டிவிடுவேன்.

"நீ வெட்டினா ரத்தமே வராதுய்யா" என்பார் மேனேஜர். அதைப் பாராட்டு என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

1. தம்பி வந்தார்

அறுபதுகளின் தொடக்கம். ஒரு குடும்பப் படத்தின் இரண்டாம் பாகம் எங்களுக்கு வந்தது. முதல் பாகத்தில், அண்ணனை ஏமாற்றி நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு தம்பி ஓடிப்போவான். தம்பியாக நடித்த மாரிமுத்து எங்கள் மலைக்காரர்தான், மேல்மலையில் இருக்கும் போளூர். நாடகக் கம்பெனி வழியாகச் சினிமாவுக்குப் போனவர். முதல் பாகம் ஓடியபோது பெஞ்சிலிருந்து அவருக்கு விழுந்த வசவை அச்சில் ஏற்ற முடியாது.

படம் போட்ட வெள்ளிக்கிழமை அவரே நேரில் வந்து நின்றார்.

"ஆபரேட்டரண்ணே, ஞாயித்துக்கெழம எங்கண்ணன் சந்தைக்கு வாராரு. கையக் காலப் புடிச்சாவது படத்துக்குக் கூட்டியாறேன். நல்லா ஓட்டணும்ங்க."

"ஏங்க, அண்ணனோட பேச்சுவார்த்தை இல்லையா?"

"பதினோரு வருசமாச்சு. பூண்டு நடுற நேரத்துல அவரத் தனியாப் போட்டுட்டு நாடகத்துக்கு ஓடினவன் நான். அப்பன் காரியத்துக்கும் வரல. நேர்ல போய் நின்னா வாயே வரமாட்டேங்குது. இந்தப் படத்த மட்டும் அவரு பாத்துட்டாப் போதும்ங்க."

"கவலைப்படாதீங்க, ராஜா மாதிரி ஓட்டுறேன்" என்றேன். இதை நான் சொன்னேன் என்பதை நீங்கள் மறக்காமல் இருக்க வேண்டும்.

2. ஞாயிறு மேட்னி

அந்த வாரம் ஒன்பதாவது ரீலில் எழுநூறு அடி வசமாக மாட்டியது. தம்பி திரும்பி வந்து அண்ணனிடம் பேசும் இடம். பாட்டில்லை, சண்டையில்லை. எட்டு நிமிடம் மிச்சம். இன்னும் சில துண்டுகளைச் சேர்த்ததும் கணக்கு சரியாக வந்தது. ஏற்கெனவே இரண்டு நாள் ஓட்டிய படம்தான். ஆனால் மெஷின் சத்தத்தில் ஆபரேட்டர் அறைக்குள் வசனம் எங்கே கேட்கிறது? நான் விளக்கில் எரியும் கார்பன் குச்சியைப் பார்ப்பேன், பிலிம் எத்தனை அடி என்று பார்ப்பேன். காது கொடுத்ததில்லை.

மாரிமுத்துவின் அண்ணன் வீரணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காலிச் சாக்குகளைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தார். நாற்காலி வேண்டாம் என்று பெஞ்சில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் தம்பி.

ஒன்பதாவது ரீல் ஓடியது. ஓடிப்போன தம்பி, அடுத்த காட்சியில் அண்ணன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஏலே, அந்த அண்ணன் என்ன கேணயனா? கேக்காமலே மன்னிச்சுட்டான்!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. கதை எழுதியவர் இரண்டு படம் பாடுபட்டு உருவாக்கிய இரண்டு மனிதர்களை நான் ஒரு கத்தரியால் மாற்றிவிட்டேன். அண்ணன் ஏமாளி, தம்பி வெட்கங்கெட்டவன். அதற்குப் பிறகு திரையில் யார் அழுதாலும் சனம் நம்பவில்லை.

என் அறைக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. மாரிமுத்து.

"என் சீன் எங்கண்ணே?"

டப்பாவைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வசனத்த நான் படத்துக்காகப் பேசலைங்க. எங்கண்ணன நெனச்சுப் பேசினேன். அத அவரு கேக்கணும்னுதான் இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தேன்."

படம் முடிந்தது, ஹாரன் அடித்தது. மாரிமுத்து லாரிக்கு ஓடினார். டப்பாவை எடுத்துக்கொண்டு நானும் வாசலுக்கு வந்தேன்.

"அண்ணே, எட்டே நிமிசம். ஒரு காட்சி விட்டுப்போச்சு, போடச் சொல்றேன்" என்று மாரிமுத்து அண்ணனிடம் கெஞ்சினார்.

"சினிமாவுலயும் நீ மன்னிப்புக் கேக்கல. நடுவீட்டுல வந்து உக்காந்து பல்லக் காட்டுற. போடா, போய் ஒன் சோலியப் பாரு." வீரணன் லாரியில் ஏறிவிட்டார்.

'வெட்டியவன் நான்தான்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருப்பாரோ என்னவோ. மேனேஜர் பக்கத்தில் நின்றார். படத்தை வெட்டுவது சனத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். வாயைத் திறக்கவில்லை.

3. போளூரில்

வெட்டியதை ஒட்டும்போது பிலிம் ஓரத்தில் நாலைந்து படக்கட்டம் வீணாகும். அன்றைக்கு அதைக் குப்பையில் போட மனம் வராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாரிமுத்து மறுநாளே மெட்ராஸ் போய்விட்டார். படப்பெட்டியும் அடுத்த ஊருக்குப் போனது.

மறுமாதம் லீவு போட்டுவிட்டு லாரியில் பாதி, நடையில் பாதியாகப் போளூர் போனேன். வீரணன் பூண்டுக் காட்டில் இருந்தார். நடந்ததைச் சொல்லி அந்தத் துண்டைக் கொடுத்தேன். கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கி, வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நகத்தளவு படத்தில் தம்பி கைகூப்பி நின்றார்.

"அழுகுறானா?"

"ஆமாங்க."

"என்ன சொல்றான்?"

"மன்னிப்புக் கேக்குறாருங்க."

"அது கையப் பாத்தாலே தெரியுது. என்ன சொல்லிக் கேக்குறான்?"

எனக்குத் தெரியவில்லை. எழுநூறு அடி என்று தெரியும், எட்டு நிமிடம் என்று தெரியும். ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

"வெட்டுன ஒங்களுக்கே தெரியாதா?" என்றார். கோபப்படவில்லை. துண்டை மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டு, "சரி, கஞ்சி குடிச்சுட்டு வெரசாக் கெளம்புங்க, பனி எறங்கிரும்" என்றார்.

மாரிமுத்துவுக்குக் கம்பெனி விலாசத்தில் கடிதம் போட்டேன். பதில் இல்லை. அண்ணனும் தம்பியும் பிறகு பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கத்தரியை எடுக்குமுன் ஒருதரம் பெஞ்சில் உட்கார்ந்து காதால் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. போளூரிலிருந்து திரும்பிய வாரம் மேனேஜரிடம், "ஞாயித்துக்கிழமை ஒன்றரைக்கே ஆட்டத்தை ஆரம்பிச்சா வெட்டவே வேண்டாமேங்க" என்றேன்.

"செய்யேன்யா, யாரு வேண்டாம்னது?" என்றார்.

அவ்வளவுதான். அதுவரை நான் கேட்டதே இல்லை.