அலவிக்காவின் இடது காலும் சுஹறாவின் அட்டையும்

படச்சுருளின் நுனியைக் கீழுதட்டில் வைத்து மெல்ல இழுத்தார் சுஹறா. ஒட்டினால் மருந்து பூசிய பக்கம். வழுக்கினால் வெறும் பக்கம். ஒட்டியது. பக்கத்திலிருந்த குறிப்பு அட்டையில் ஒரு சரிக்குறி விழுந்தது.

கேரளத்து அரீக்கோட்டில், தையற்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவருடைய பணியறை. கல்யாண வீடியோ தொகுத்துக்கொண்டிருந்தவர் அவர். பழைய எட்டு மில்லிமீட்டர் சுருள்களைப் படம் படமாகப் பிடித்து, இன்றைய தியேட்டர் திரைக்கு ஏற்றதாக்கும் வேலையை யாரிடமும் கற்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றார். கெடுத்த ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட அட்டை உண்டு. சுருளைச் சுற்றி வந்த காகிதத்தைக்கூட எறிய மாட்டார். "சுஹறாத்தா மூச்சு விட்டாக்கூட ரசீது வெச்சுக்குவாங்க" என்பார் கீழ்க்கடைத் தையற்காரர்.

அந்த வாரம் முழுவதும் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அலவி. 1974-இல், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து இறுதியாட்டத்தில் இடது காலால் வெற்றிக் கோல் அடித்தவர். அந்த ஒரு கோலை வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் ஊரில் நெஞ்சு நிமிர்த்தி நடந்தவர். துபாய்க்காரர் ஒருவர் எடுத்த அந்த ஆட்டத்தின் சுருளைச் சென்ற ஆண்டு நகரத்து ஆய்வகம் ஒன்று மாற்றித் தர, ஊர் தியேட்டரில் திரையிட்டார்கள். ஆட்டக்காரர்கள் வேகம் கூடி எறும்புகளாக ஓடினார்கள். அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டியதில் பாதி நேரம் பந்தையே காணவில்லை. கோல் அடித்த கணத்தில் மட்டும் ஒரு கால் தெரிந்தது. வலது கால்!

"அன்னிக்கிலேருந்து டீக்கடையில என்னை வலங்கால் அலவின்னுதான் கூப்பிடுறான் அந்த பீரான். அவன் விட்ட கோல்தான் மோளே அது!"

"கோல்கீப்பரா நின்னு பார்த்தவருக்கே எந்தக் காலுன்னு தெரியாதா, அலவிக்கா?"

"தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிடுறான், ஹமுக்கு!"

டப்பாவின் மேல் 'நகல்' என்று எழுதியிருந்தது. நகலானால் சுருளை மறுமுகமாகப் போட வேண்டும். ஆய்வகம் டப்பாவை நம்பி அப்படியே போட்டிருந்தது. இது நகலல்ல, மூலம்தான் என்றால் படம் கண்ணாடியில் காண்பதைப்போல் இடம் வலமாக மாறியிருக்கும். ஆனால் 'என்றால்' என்ற சொல்லுக்கு சுஹறாவின் அட்டையில் இடமில்லை. சான்றில்லாமல் திருப்பினால், அலவிக்காகத் திருப்பியதாக பீரான் சொல்வார். மைதானத்தில் ஒரு பெயர்ப்பலகை இல்லை. சட்டைகளில் எண் இல்லை. மூன்று நாள் துழாவினார்.

நான்காம் நாள் காலை, மாடி அதிர ஒரு சிரிப்பு.

"அலவிக்கா! எல்லாரும் மதம் மாறிட்டாங்க!"

"யாரு, பீரானா?"

"வேடிக்கை பார்க்க வந்த ஊரே! இந்த வரிசையப் பாருங்க. எல்லாம் தொப்பி வெச்ச நம்ம ஆளுங்க. வேட்டியை எந்தப் பக்கம் செருகியிருக்காங்க?"

அலவி திரையில் விரல் வைத்துப் பார்த்தார். "வலப்பக்கம்... யா அல்லா! நாம இடப்பக்கம்ல செருகுவோம்! வலப்பக்கம் இந்துக்கள்ல!"

"கடலை விக்கிற நாராயணேட்டன் மட்டும் இடப்பக்கம். எண்ணிட்டேன். முப்பத்தொரு பேர் அங்க போயிட்டாங்க, ஒருத்தர் இங்க வந்துட்டார்!"

பிறகு வேலை பறந்தது. சுருள் முகம் மாறியது. நொடிக்குப் பதினாறாக எடுத்த படங்களை இருபத்து நான்காக்க, ஒன்று விட்டு ஒரு படத்தை இருமுறை வைத்தார், எறும்புகள் மனிதர்களானார்கள். இருபுறமும் கறுப்பு விட்டு, படத்தை வெட்டாமல் முழுதாக நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பகல்காட்சி. ஊரே வந்திருந்தது. திரையருகே நின்று, "படம் தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் உங்க வேட்டி முனையைத் தொட்டுப் பார்த்துக்கங்க. அப்புறம் படத்துல இருக்கிறவங்களோடதைப் பாருங்க" என்றார் சுஹறா. நூறு கைகள் இடுப்புக்குப் போயின.

படம் ஓடத் தொடங்கியதும், "திரையில பாதியை யாருக்கு எடுத்து வெச்சிருக்கே, சுஹறா?" என்று முன்வரிசையிலிருந்து பீரான் கத்தினார்.

"இழுத்து நிரப்பினா காலு போயிடும், பீரான்க்கா. சண்டையே காலுக்குத்தானே?"

பந்து வந்தது. அலவி திரும்பினார். இடது கால்! கூடம் எழுந்து துள்ளியது. நாற்காலி மேல் ஏறிவிட்ட அலவியின் காலை பீரான் எட்டிப் பிடித்தார். "எனக்குத் தெரியாதாடா? அம்பது வருசமா தூக்கத்துல இந்தக் காலுதான்டா வருது!"

சுஹறா திரையைப் பார்க்கவில்லை. துள்ளிக்கொண்டிருந்தவர்களின் வேட்டிச் செருகல்களை வரிசை வரிசையாகப் பார்த்து முடித்து, அட்டையில் அதற்கும் ஒரு சரிக்குறி போட்டார்.