வெட்டுக்கிளிகளுக்கு ஒரு கோச்

வெட்டுக்கிளியை மேசையில் போட்ட வெள்ளைக் கோட்டின் மேல் இறக்கிவிட்டு, ட்ரெவர் ஸ்டோல்ட்ஸ் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தாளம் போட்டுத் தட்டுவான். "வாடா மச்சி, வா. மூச்சை இழு. காலை நம்பு." பூச்சி தாவினால், "அப்படிப் போடு" என்று மேசையைக் குத்துவான். தாவாமல் உட்கார்ந்திருந்தால் அதனிடம் குனிந்து தனியாகப் புத்தி சொல்வான்.

ஆறடி நான்கங்குலம். கல்லூரியின் ஈட்டி எறிதல் அணியில் முதல் ஆள். கோடையில் வளாகமே காலியாகி அணில்கள் ஆட்சி செய்கையில், அவன் மட்டும் உயிரியல் கட்டிடத்தில் விஞ்ஞானம் வளர்த்தான். உடம்பு வளர்ப்பும் கூடவே நடந்தது. 'சாப்பாடு வைக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டிய ஆய்வக ஃபிரிஜ்ஜில் அவனுடைய அவித்த முட்டை இரண்டு டஜன். கூட வேலை பார்க்கும் மாணவி கேட்டால், "அது சாப்பாடு இல்ல மரிசோல், புரோட்டீன்" என்பான். அங்கிருந்ததிலேயே பெரிய வெள்ளை அங்கி அவன் முழங்கையோடு நின்றுவிட்டது. அதை மாட்டிக்கொண்டு படம் எடுத்து அணிக்கு அனுப்பாத நாள் குறைவு.

ஆய்வு, கடைசி வருடம் போகப்போகும் மரிசோலுடையது. குளிரில் வைத்த வெட்டுக்கிளி எப்படித் தாவுகிறது, வெயிலில் வைத்தது எப்படி என்பதுதான் கேள்வி. போன கோடையையும் பூச்சி வளர்த்தே கழித்தவள். மாதக் கடைசியில் வெளியூர்ப் பேராசிரியர்கள் முன் முடிவைக் காட்ட வேண்டும். மேற்படிப்புக்கு இடம் கிடைப்பது அதில்தான் இருக்கிறது. ஒரு பூச்சிக்கு ஆறு தாவல் அளந்து எழுதுவது மட்டும் ட்ரெவர் வேலை. இது கூடவா தெரியாது என்று நம்பிவிட்டாள் அவள்.

ஐந்தாம் வாரம் அவன் தாள்களைக் கணினியில் ஏற்றியபோது அவள் முகம் வெளுத்துவிட்டது. குளிர்ப் பூச்சியும் வெயில் பூச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம் தாவியிருந்தன. பூச்சிக்கு ஒரே ஓர் எண்.

"மத்த அஞ்சு எங்க?"

"எந்த அஞ்சு? இருக்கறதுல பெரிய தாவலைத்தான் எழுதுவேன். ஈட்டியில ஆறு தடவை எறிவோம், நல்லது ஒண்ணுதான் கணக்கு."

"இதுங்க மெடலுக்கா தாவுது?"

"கோட்டை மிதிச்சதுக்கு ஃபவுல் கூட குடுத்திருக்கேன். ரொம்ப நேர்மையா பண்ணியிருக்கேன் மரிசோல்."

"குளிர்ல வச்சது ஆறுல அஞ்சு தடவை நகராம உக்காந்திருக்கும்டா. அந்த அஞ்சுதான் எனக்கு வேணும்."

அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு டஜன் முட்டையையும் அவன் தலையில் உடைக்கலாம் போலவும் இருந்தது. மீதி பன்னிரண்டு நாள், நூற்றிருபது பூச்சி, எல்லாம் முதலிலிருந்து.

"சனிக்கிழமை எனக்குப் போட்டி இருக்கே" என்று இழுத்தான்.

"தாராளமா போயிட்டு வா. உனக்கென்ன, நல்லது ஒண்ணு போதும்."

சனிக்கிழமை அவன் போகவில்லை. விடிந்ததும் வந்து, குளிர்ப்பெட்டியிலிருந்து முதல் பூச்சியை எடுத்துக் கோட்டில் வைத்தான். ஒரு தாவலுக்கு ஒதுக்கிய ஒரு நிமிடம் ஓடி முடிந்தது. அது மீசையைக்கூட அசைக்கவில்லை. இன்னொரு வாய்ப்புக் கிடைக்குமா என்பதுபோல மரிசோலைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. பென்சிலை எடுத்துத் தாளில் மெதுவாக ஒரு பூஜ்யம் எழுதினான். எழுதியதும், பூச்சியின் கண்ணில் பட்டுவிடாதபடி அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.