அமெரிக்கப் பூவும் கோபாலசாமியின் நாக்கும்

இடைசெவல் டீக்கடையில் யார் பேச்சைத் தொடங்கினாலும் முடித்துவைப்பது கோபாலசாமிதான். 2002-இல் கோவில்பட்டியில் நடந்த மூலிகைக் கருத்தரங்குக்குப் போய்வந்ததிலிருந்து அவர் வாயில் அமெரிக்காதான்.

அங்கே புல்வெளிகளில் தானாக முளைக்கும் எக்கினேசியா என்ற ஊதாப் பூ சூரியகாந்திக்கு ஒன்றுவிட்ட தங்கையாம். வேரைத் தின்றால் சளியே பிடிக்காதாம். கரிசலில் காடாக வளருமாம். வேரைக் கம்பெனியே வந்து வாங்கிக்கொள்ளுமாம். கருத்தரங்கில் இதைச் சொன்ன கம்பெனிக்காரர் டை கட்டியிருந்தார். டை கட்டியவர் பொய் சொல்வாரா?

அவரிடம் வாங்கிவந்த விதை ஒரு மாதம் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த பிரிட்ஜில் விதைப் பை ஏறியது. இட்லி மாவு இறங்கியது.

"ஏங்க, மாவு பொங்கி வழியுது. இது எத்தன நாளைக்கு?" என்றாள் மனைவி சத்தியபாமா.

"அதுக்கு சொந்த ஊர் நெனப்பு வரணும்லா?"

உளுந்து போட வேண்டிய ஒரு ஏக்கரில் அமெரிக்கா முளைத்தது. முதல் வருஷம் வெறும் இலை.

"அண்ணாச்சி, இது என்ன கீர?" என்று கேட்டார் ஆடு மேய்க்கும் உச்சிமாகாளி.

"ஏற்றுமதி" என்றார் கோபாலசாமி.

மறுவருஷம் பூத்தது. இதழ்கள் கீழே தொங்க, நடுவில் முள்ளம்பன்றி மாதிரி ஒரு குமிழ். அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் வருஷம் வேர் முற்றியது; கம்பெனி வரவில்லை. போன் செய்தால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் மிகப் பணிவாகச் சொன்னது.

டீக்கடை சிரித்தது. "இதோட மகிம தெரியாம பேசுதீங்க" என்று கோபாலசாமி மடியிலிருந்து ஒரு கை பச்சை வேரை எடுத்து வாயில் போட்டு மென்றார். அடுத்து வாயைத் திறந்தபோது "ழ... ழே..." என்றுதான் வந்தது. நாக்கு மரத்துவிட்டது. அரைமணி நேரம் மற்றவர்கள் பேசினார்கள். பேசிப் பழக்கமில்லாததால் கொஞ்சம் திணறினார்கள்.

பல்வலியோடு மூலையில் கிடந்த உச்சிமாகாளி மட்டும் எழுந்து வந்தார். "அண்ணாச்சி, ஒரு துண்டு தாங்க." வாங்கிக் கடைவாயில் அடக்கினார். சற்று நேரத்தில், "வலி எங்கன போச்சுன்னே தெரியல" என்றார், குழறிக் குழறி.

மறுநாள் காலையில் கோபாலசாமி வீட்டு வாசலில் நாலு வீங்கிய கன்னங்கள். வாரம் முடிவதற்குள் புதூர், நாகலாபுரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கோபாலசாமி ஒவ்வொருவருக்கும் அமெரிக்கப் புல்வெளியின் வரலாற்றைச் சொன்னார். வேரை மென்றவர்களால் குறுக்கே பேச முடியவில்லை.

சத்தியபாமாதான் வேரைத் துண்டு போட்டுக் கொடுத்து, "இது வலிக்குத்தான். டாக்டருட்டப் போயி பல்ல எடுத்துருங்க" என்று பஸ் ஏற்றிவிடுவாள்.

ஐப்பசியில் கோபாலசாமி அந்த ஒரு ஏக்கரை உழுது உளுந்து விதைத்தார். கிணற்றோரம் இரண்டு பாத்தி ஊதாப் பூவை மட்டும் உழாமல் விட்டார். சத்தியபாமா தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றினாள்.