ரைட்டர் பேரன்கள்

எங்கள் மலையில் யாரைக் கேட்டாலும் அவர் தாத்தா எஸ்டேட் ரைட்டர். ஆள் பேர் போட்டு, கூலி எழுதி, செருப்புக் காலோடு காட்டுக்குள் நடந்தவர் ரைட்டர். எஸ்டேட்டுக்கு ஒருவர்தான் இருப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முன் பெஞ்சு முழுக்க ரைட்டர் பேரன்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள். எனக்கே கேட்கத் தோன்றுகிறது, அப்படியானால் காப்பி பறித்தது யார்?

மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்த கூட்டம் நாங்கள். அடிவாரத்திலிருந்து சட்டி பானையோடு நடந்தே ஏறினோம். எங்களுக்கு வெகு காலம் முன்பே இங்கே ராகியும் சாமையும் விதைத்துக்கொண்டிருந்த மலைக்காரர்கள் எங்களை வந்தேறி என்றார்கள். இப்போது பிளாட் வாங்கிக் கண்ணாடி பங்களா கட்டுகிறவர்களை நாங்கள் வந்தேறி என்கிறோம். ரிசார்ட் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. துரை வரும்வரை இங்கே வெறும் காடாம். குழி வெட்டிச் செடி நட்டதெல்லாம் துரையேதான் போலிருக்கிறது. ஊர் உண்டான கதையை ஆளுக்கொரு விதமாகக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

போன தை மாதம் என் தம்பி மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளும் பையனும் சேலத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. இருவரும் ஏற்கெனவே முடிவு செய்துகொண்டவர்கள். பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பயத்தில் அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. நான் வெளி ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுகிறவள். அன்றும் அங்கேதான் இருந்தேன்.

தம்பி வழக்கம்போல ஆரம்பித்தான். "எங்க தாத்தா அந்த எஸ்டேட்ல ரைட்டருங்க." கை ஜன்னல் வழியாக எதிர்ச் சரிவைக் காட்டியது.

பையனின் அப்பா கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். "அதுலீங்களா? அதுல எங்க தாத்தாதானுங்களே ரைட்டரு!"

அவர் தாத்தாவை நான் பார்த்ததில்லை. எங்கள் தாத்தாவைப் பார்த்திருக்கிறேன். குழி வெட்டி வெட்டி, கைநாட்டு வைக்கக்கூடக் கட்டைவிரலில் ரேகை மிஞ்சாத மனுஷன்.

"அப்படீன்னா ரெண்டுல ஒண்ணு பொய்யிங்களா?" என்றாள் பையனின் அத்தை.

அடுப்படியில் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அத்தே, ஏதாச்சும் பண்ணுங்க அத்தே."

"நான் என்னத்தப் பண்ணுவேன் கண்ணு?"

நல்லவேளை, பொய்க்காரர்களுக்குப் பொய்க்காரர்களே துணை. "பெரிய எஸ்டேட்டுங்க. ரெண்டு ரைட்டர் இருந்திருப்பாங்க" என்றார் பையனின் அப்பா.

தம்பி தாவிப் பிடித்தான். "ஆமாங்க! உங்க தாத்தா பெரிய ரைட்டரு, எங்க தாத்தா சின்ன ரைட்டரு."

"சேச்சே, சின்னதுன்னு எதுக்குங்க சொல்லிக்கிறீங்க? மேலக்காட்டு ரைட்டரு, கீழக்காட்டு ரைட்டருன்னு வெச்சுக்கலாமுங்க."

ஒரு வடை தின்று முடிப்பதற்குள் மலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். வெட்கமே இல்லை. இருவருக்கும் முகத்தில் அப்படியொரு களை.

அத்தைக்காரி மட்டும் விடவில்லை. "உள்ள இருக்கற பெரியம்மாவக் கூப்புடுங்க. அவிங்க அந்தக் காலத்து ஆளு. அவிங்க சொல்லட்டும்."

போய் நிலைப்படியில் நின்றேன். எல்லாக் கண்ணும் என் மேல். இரண்டு பேரும் மண்வெட்டி பிடித்த பரம்பரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இரண்டு முகமும் தொங்கிப்போகும். சொல்ல நாக்கு துடித்தது. முதுகுக்குப் பின்னால் பெண் மூச்சு விடாமல் நின்றாள்.

தரையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு ரைட்டருங்க" என்றேன்.

"அப்பறமென்னங்க, பூ வெச்சுரலாம்" என்று அத்தைக்காரி பையிலிருந்த பூவை எடுத்தாள்.

கிளம்பும்போது பையனின் அப்பா வாசலில் என்னைக் கூப்பிட்டு, எதிர்ச் சரிவில் பழைய துரை பங்களாவை ஒட்டியிருந்த ஓட்டுக் கட்டடத்தைக் காட்டினார். "அதுதானுங்க எங்க தாத்தா ஆபீஸு. நீங்க பாத்திருப்பீங்க."

துரை தன் நாய்களை அடைத்து வைத்திருந்த கொட்டகை அது.

"நொம்ப நல்ல எடமுங்க. காத்து ஜில்லுனு வரும்" என்றேன்.