கண்புரை என்று சொல்லிவிட்டேன்

மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் ஒரு கார் பட்டறையின் முன்மேசையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். சாவி கொடுக்க வருகிறவர்களில் பாதிப்பேர் என் முகத்தைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "என்னக்கா, தூங்கலையா?" நானோ எட்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்குகிறவள். கண்ணுக்குக் கீழே தொங்கிய இரண்டு பைகளும் அப்பா வழிச் சொத்து. அப்பாவுக்கு அவை கம்பீரமாக இருந்தன. எனக்கு, யாரோ அழவைத்து அனுப்பியதைப் போல இருந்தது.

ஐம்பத்திரண்டு வயதில், போதும் என்று தோன்றியது. கணவரிடம் சொன்னேன்.

"எனக்கு நீ இப்படியே போதும் லா," என்றார்.

"உங்களுக்குப் போதும், சரி. தெனம் கண்ணாடியில பாக்குறது நான்தானே?"

"சரி, போய்ப் பாரு," என்றார். என்னைத் தெரிந்தவர்.

ஜொகூர் பாருவில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஆலோசனை சொல்லும் பெண் படங்களைப் பரப்பி வைத்தாள். மேல் இமையில் மடிப்பு வைக்கலாமாம். "அது பொறக்கும்போதே ரெண்டு கண்ணுக்கும் கெடச்சிருச்சு," என்றேன். பைக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ஊசி போட்டு நிரப்பலாமாம், கரைந்ததும் திரும்பப் போட வேண்டுமாம். சர்வீஸுக்குக் கார் வருவதைப் போல வருடா வருடம் முகத்தைக் கொண்டுவர எனக்கு மனமில்லை.

டாக்டர் கீழ் இமையை அழுத்திப் பார்த்தார். பை கொழுப்புதான், இமையின் உட்புறமாகவே எடுத்துவிடலாம், வெளியே தழும்பு தெரியாது என்றார். சுற்றியுள்ள கருமை தோலின் நிறம்தான், அது போகாது என்றும் சொன்னார். கண் சில மாதம் வறண்டு போகலாம், இமை லேசாகக் கீழே இழுபடலாம். பார்வை போகுமா என்று கேட்டேன். "ரொம்ப அபூர்வம். ஆனா போகவே போகாதுன்னு சொல்லமாட்டேன்," என்றார். எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்கிற மெக்கானிக்கை நான் எப்போதுமே நம்பியதில்லை. இன்னொரு டாக்டரும் அதையேதான் சொன்னார். இரண்டு வாரம் யோசித்து, பையை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் எனக்கு இன்றுவரை துளி வருத்தமில்லை.

வருத்தம் வேறு. மாதா கோயில் பாடற்குழுவில் இரண்டு வாரம் விடுப்புக் கேட்டபோது, கண்ணில் ஆபரேஷன் என்றேன். "கேட்டரேக்கா? கண்புரையா?" என்று கேட்டார் குழுத்தலைவி. "ஆமா," என்று சொல்லிவிட்டேன். கத்திக்குப் பயப்பட்டாலும் படுக்கத் துணிந்த நான், அந்தப் பத்துப் பெண்களின் சிரிப்புக்குத் துணியவில்லை.

அறுவை முடிந்த மூன்றாம் நாள், ஞாயிறன்று, ஐஸ் ஒத்தடம் வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். பூசையிலிருந்து திரும்பிய கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார். கண்புரை அறுவை செய்துகொண்ட சகோதரிக்காக முழுக் கோயிலும் மன்றாடியதாம். "அலமாக்!" என்று எழுந்து உட்கார்ந்தேன். கூச்சத்தில் உடம்பே எரிந்தது.

மறுநாள் மாசாய் ஊரிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். பாடற்குழுவில் என் பக்கத்தில் நிற்பவர். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குத்தான் உண்மையான கண்புரை. வலது கண் பால்போல ஆகிவிட்டது, இடது கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. பாட்டுப் புத்தகத்தைப் பேருக்குப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவார். ஆஸ்பத்திரியில் இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை விருந்தாளி என்று தப்பித்துவிட்டார். எல்லாம் பயம்.

"பார்வை தெரியுதா?" என்றார்.

"தெரியுதுக்கா."

"உள்ள வச்ச லென்ஸ் உறுத்துதா?"

"உறுத்தல."

"அப்ப சரி. வர்ற வியாழன் எனக்குத் தேதி. ஒன்ன நம்பித்தான் போறேன்."

போனை வைத்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு மூன்றாவது சாக்கு கிடைத்துவிடும், கண் போய்விடும். சொல்லாவிட்டால், இல்லாத லென்ஸைப் பற்றி நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு ஆபரேஷன் மேசையில் படுப்பார். நான் சொன்னபடி ஏதாவது இல்லை என்றால் பாதியில் எழுந்துவிடக்கூடிய ஆள் அவர். எனக்கு என் மீதே கோபம் வந்தது.

செவ்வாயன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாசாய்க்குப் போனேன். அக்கா தேத்தண்ணி ஊற்றினார். கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது அவருக்குத் தெரியவில்லை. நான் கண்ணாடியைக் கழற்றினேன். இரண்டு கண்ணுக்குக் கீழும் மஞ்சளும் பச்சையுமாகக் கன்றிப் போயிருந்தது. அவர் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து இடது கண்ணால் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுமா? ஒரே நாள்லயா?"

"கேட்டரேக் இல்லக்கா. கண்ணுக்குக் கீழ இருந்த பைய எடுத்தேன். அழகுக்காக. பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க."

அவர் தட்டில் வழிந்திருந்ததை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கத்தி கண்ணுகிட்ட வந்துச்சா?"

"கீழ் இமைக்கு உள்ளயே வந்துச்சுக்கா."

"முழிச்சுக்கிட்டா இருந்த?"

"பாதி முழிப்பு. டாக்டர் பேசுனது கேட்டுச்சு."

"பயந்தியா?"

"ஆமாக்கா. நர்ஸ் கையப் பிடிச்சுக்கிட்டாங்க."

"தேத்தண்ணி ஆறுது, குடி," என்றார். வியாழனைப் பற்றிக் கேட்காமலே குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வியாழன் காலை விடுப்பெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கண் பிரிவில் முதல் வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். மகன் மோட்டார் சைக்கிளை நிறுத்தப் போயிருந்தான்.

"வந்துட்டீங்களாக்கா?" என்றேன்.

"அழகுக்கே நீ போய்ப் படுத்துட்ட," என்றார். "பார்வைக்கு நான் படுக்க மாட்டேனா?"

பெயரைக் கூப்பிட்டார்கள். கைப்பையை என் மடியில் போட்டுவிட்டு, நர்ஸுக்கு முன்னால் நடந்து உள்ளே போனார்.