வடசேரிக்குப் போன கேசட்

எங்கள் வீட்டில் எந்தக் கேசட்டைக் கையில் எடுத்தாலும் பாட்டுக்கு முன்னால் தும்மல்தான் வரும். மலையாளிகள் ஊரில், ஆரியசாலைக் கடைத்தெருவில், கீழே அப்பாவின் வத்தல் மிளகாய் மொத்த வியாபாரக் கடையும் மேலே நாங்களுமாகக் குடியிருந்ததில், நெடி மரப்படி ஏறி வந்து டேப் ரெக்கார்டருக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருந்தது. அந்த நெடியோடு ஒரு கேசட் அம்மாவுக்குப் பரிசாக நாகர்கோவிலுக்குப் போனது என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை, தாத்தாவாவது பாட்டு அனுப்புவதாவது என்கிறார்கள்.

எல்லாம் அம்மா சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து சரக்கெடுக்க வந்த பழைய வாடிக்கைக்காரருக்குச் சாப்பாடு போட்டபோது, தீயல் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லப் போக, "இந்த மட்டம் வந்த வத்தல்ல காரமே இல்ல கேட்டோ, ரெண்டு கூடப் போட்டுத்தான் அரைச்சேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். மிளகாய் வியாபாரியின் வீட்டுக்குள்ளிருந்தே, அதுவும் சரக்கெடுக்க வந்தவரிடம் இப்படியொரு சாட்சியம் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? அப்பாவுக்கு வாய் திறந்தாலே சத்தம்தான். அன்றைக்குப் போட்ட சத்தத்தில் கீழே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைத் தலையில் வைத்தபடியே அண்ணாந்து நின்றார்கள். மறுநாள் காலையில் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் வடசேரியில் மாமா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

போனவள் வரவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, ஜடை பின்னத் தெரியாத அப்பா என் தலையில் போட்ட முடிச்சுகளைப் பார்த்து வகுப்பே சிரித்ததில் இன்னும் அழுகை வந்தது. தானே போய் அழைத்துவர அப்பாவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஆள் அனுப்பலாமே என்றால், "ஆள் போனா பேச்சு வளரும்" என்பார். அப்படி இருந்தவர் ஒருநாள் மாலை திடீரென்று சட்டையை மாற்றிக்கொண்டு, "வா மக்கா, ஒங்கம்மைக்கு நாலு பாட்டுப் பதிஞ்சு அனுப்புவோம்" என்று என்னைப் பழவங்காடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. என்ன பாட்டு வேண்டுமென்று சொன்னால், வெற்றுக் கேசட்டில் வரிசையாகப் பதிந்து மறுநாள் தருவார்கள். அப்பாவுக்கோ ஒரு பாட்டின் படமும் தெரியாது. முதல் வரி தெரியும், ஆனால் முதல் வரியிலேயே அன்பே, கண்ணே என்று ஏதாவது வந்து தொலைக்கும். பக்கத்தில் நான் நிற்கிறேன், பின்னால் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்த எங்கள் சாலைக்கடைத்தெரு ஆட்கள் நிற்கிறார்கள். அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

கடைக்காரர் மலையாளி, நல்ல மனிதர். "ஒந்நு மூளியே அண்ணாச்சி, நான் கண்டுபிடிச்சோளாம்" என்று, முனகிக் காட்டினால் போதும் என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, வார்த்தையே இல்லாமல், "நன்னன நானா" என்று ஆரம்பித்தார். தராசுக்கு முன்னால் மட்டுமே அவரைப் பார்த்திருந்த எனக்கு அது யாரோ வேறு மனிதராகத் தெரிந்தது. கடைக்காரர் பாதியிலேயே கையைத் தூக்கி, "மனசிலாயி, மனசிலாயி, அடுத்தது" என்றார், புரிந்துவிட்டதாம். ஒவ்வொரு பாட்டுக்கும் அப்படியே மனசிலாயிற்று.

மறுநாள் கேசட்டை வாங்கிய அப்பா அதைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் போட்டால் நான் கேட்பேனே. அப்படியே தாளில் சுற்றி, வடசேரிச் சந்தைக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அப்பாவும் ஹோட்டலில் வாங்கிவந்த பொரித்த நெத்திலியைத் தாளில் பரப்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா படியேறி வந்தாள். நான் ஓடிப்போய் எண்ணெய்க் கையோடு கட்டிக்கொண்டேன். அவள் என் தலைக்கு மேலாக அப்பாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாலை எங்க?" என்றாள்.

"என்ன மாலை?"

அம்மா பையிலிருந்து கேசட்டை எடுத்து டேப் ரெக்கார்டரில் போட்டாள். அப்பா முனகிய அதே மெட்டு கணீரென்று வந்தது. ஆனால் அதில் அன்பேயும் இல்லை, கண்ணேயும் இல்லை; பதினெட்டாம்படியும் நெய்த்தேங்காயும் இருந்தன. அது கார்த்திகை பிறந்த சமயம், தெருவெல்லாம் கறுப்பு வேட்டி. பேர்பெற்ற சினிமா மெட்டுகளுக்கெல்லாம் ஐயப்பன் பேரில் வரி எழுதிப் பாடி விற்பது அப்போது வழக்கம். சீசன் நேரத்தில் ஒரு தமிழ் அண்ணாச்சி கண்ணை மூடி முனகினால் கடைக்காரருக்கு வேறு என்ன மனசிலாகும்?

"மாலை போட்டாச்சு, இப்பம் வரவேண்டாம்னு சாடையாச் சொல்லி அனுப்பிருக்கியன்னு அண்ணன் சொன்னான். விரதக்காரர ஹோட்டல்ல திங்க விட்ட பாவம் எனக்கு வேண்டாம்னு பஸ் ஏறுனேன். இங்க வந்து பாத்தா நெத்திலி."

அப்பா நெத்திலியைப் பார்த்தார், டேப் ரெக்கார்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் என் முன்னால் காதல் பாட்டு என்று சொல்ல வேண்டும். "நாளைக்குத்தான் போடலாம்னு இருந்தேன்" என்றார்.

"அப்பம் மிச்ச மீனையும் இன்னைக்கே தின்னு தீத்துருங்க" என்று சொல்லிவிட்டு அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு என் தலையைப் பிடித்தாள்.

விடியற்காலையில் அப்பா பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டார். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது, கடுஞ்சொல் பேசக் கூடாது. மூட்டை விழுந்து பிய்ந்து மிளகாய் தெருவெல்லாம் சிதறும்போது அவர் வாய் திறக்கும், மேலேயிருந்து அம்மா "சாமி" என்பாள், வாய் மூடும். நெய்யாற்றின்கரைக்காரர் மறுபடி வந்தபோது, இப்போதும் வத்தலில் காரம் இல்லை என்று அம்மா நிதானமாகச் சொன்னாள். "சாமி சரணம்" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

இப்போது அப்பா இல்லை. மிளகாய்க் கடையை விற்றாயிற்று, பாட்டுப் பதிந்த கடை இருந்த இடத்தில் செல்போன் உறை தொங்குகிறது. போனைப் பார்த்து முனகினால் அதுவே பாட்டைக் கண்டுபிடித்துத் தந்துவிடுகிறது. அதற்கு வெட்கமும் இல்லை, சீசனும் இல்லை. போன மாதம் நான் அந்த மெட்டுகளை முனகி, அப்பா கேட்க நினைத்த நிஜப் பாட்டுகளைச் சேர்த்து அம்மாவிடம் கொடுத்து, உண்மையைச் சொன்னேன்.

அம்மா ஆச்சரியப்படவே இல்லை. "வடசேரியில மொத மெட்டு வந்ததுமே தெரிஞ்சு போச்சு. எல்லாம் ஒங்கப்பா சவரம் பண்ணும்போது முனகுற பாட்டுல்லா."

"பின்ன ஏன் மாலை எங்கன்னு கேட்ட?"

"மாலை போட்டா சத்தம் போட முடியாதுல்லா. ஒரு மண்டலமாவது காது ஓயட்டும்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டாள். பிறகு, "ஒண்ண யோசிக்காம போயிட்டேன் மக்கா. மாலை போட்டவரு சவரமும் பண்ண மாட்டாரே, முனகலும் நின்னு போச்சு. வீடு வீடாவே இல்ல. மலைக்குப் போயிட்டு வந்து, மாலையக் கழத்தி, கண்ணாடி முன்னால உக்காந்தாரு பாரு, அன்னைக்கு நான் அடுப்ப அணைச்சுட்டு நின்னு கேட்டேன். நடுவுல பிளேடு மொன்னையா இருக்குன்னு ஒரு கத்து கத்துனாரு. அதையும் கேட்டேன்" என்றாள்.