எருமையைத் தொட்டதற்கு வெளியே அனுப்பினார்கள்

இன்று நானும் என் சம்சாரம் முனியம்மாளும் மேனாம்பேட்டிலிருந்து பஸ் ஏறி, பட்டணத்துச் செடிப் பூங்காவுக்குப் போய் வந்தோம். அந்தக் கதையை நானே எழுதி, நம் முதியோர் கல்வி வகுப்புப் பலகையில் ஒட்டுகிறேன். எழுத இரண்டு மணி நேரம் ஆனது.

பூங்காவுக்குள் ஒரு சிலைத் தோட்டம். அங்கே கருங்கல்லில் ஓர் எருமை படுத்திருந்தது.

முனியம்மாள் நேராகப் போய் அதன் நெற்றியைச் சொறிந்தாள். "நம்ம ஊட்டு எருமை மாரியே கீதுயா" என்றாள்.

எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. முதுகைத் தடவினேன். வெயிலில் சூடேறியிருந்தது.

காவலாளி ஓடி வந்தார். "போர்டு வெச்சிகீதே, பாக்கலியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது நைனா" என்றாள் அவள்.

"சரி, உள்ள போய்ப் பாரும்மா."

என் பக்கம் திரும்பினார். "பெருசு, உனக்கும் தெரியாதா?"

தெரியாது என்றால் தப்பித்திருப்பேன். அறுபது வருஷம் அப்படித்தான் தப்பித்தேன். இன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பலகை முன் நின்று, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். "சிலைகளைத் தொடாதீர்கள். மீறினால் வெளியேற்றப்படுவீர்கள்." ஒரு தப்பும் இல்லை.

"இவ்ளோ நல்லா படிக்கிறியே! கெளம்பு அண்ணாத்தே" என்று வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அவள் அரை மணி நேரம் கழித்து வந்தாள். யானை, குதிரை, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாளாம்.

"நீயும் வகுப்புக்கு வா" என்றேன்.

"படிச்சி நீ இன்னாத்த கண்ட? வாசல்லதான நிக்கற" என்கிறாள்.

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் படித்துவிடுவேன்.